காலையில் குரோஷியா, மதியம் மாண்டினீக்ரோ: அட்ரியாட்டிக் கரையில் எல்லை தாண்டும் ஒருநாள் பஸ் பயணம்

காலை டிபனை ஒரு நாட்டில் முடித்து, மதியச் சாப்பாட்டை இன்னொரு நாட்டில் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி தூங்குவதற்கு மறுபடி முதல் நாட்டுக்கே வந்துவிடலாம். இடையில் நான்கு முறை பாஸ்போர்ட்டை எடுத்து நீட்ட வேண்டும். குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்திலிருந்து பக்கத்து நாடான மாண்டினீக்ரோவுக்குத் தினமும் கிளம்பும் வழிகாட்டியுடன் கூடிய பஸ் பயணம் இப்படித்தான் இருக்கும்.

இத்தாலி மேப்பில் பூட்ஸ் மாதிரி தெரியும் இல்லையா? அந்த பூட்ஸுக்குக் கிழக்கே நீளமாகக் கிடப்பதுதான் அட்ரியாட்டிக் கடல். அதன் எதிர்க்கரையில் வரிசையாக ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா. இதில் முதல் நான்கும் 1991 வரை யுகோஸ்லாவியா என்ற ஒரே நாடு. இன்று பஸ் க்யூவில் நிற்கும் எல்லைச் சாவடி இருக்கும் இடத்தை, அன்று வண்டிகள் நிற்காமலே கடந்து போயின.

பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இந்தப் பயணத்தில் அலுத்துக்கொள்வது எல்லையில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றித்தான். ஆனால், இந்தக் கரையின் கதையே அந்த எல்லைகளில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால், காத்திருக்கும் நேரமும் வீணாகாது.

முதலில் விசாவைப் பாருங்கள்

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கன் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதே நாளில் யூரோவும் அங்கே புழக்கத்துக்கு வந்தது. எனவே இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் துப்ரோவ்னிக் போக ஷெங்கன் விசா வேண்டும். மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. ஆனால், செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால், தனி விசா இல்லாமல் 30 நாள் வரை உள்ளே விடுகிறார்கள்.

‘அப்போ பிரச்னையே இல்லையே’ என்று தோன்றும். சிக்கல் இருப்பது திரும்பி வரும்போது. மாண்டினீக்ரோவுக்குள் போனால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள் என்று கணக்கு. உங்கள் விசா ஒருமுறை நுழைவுக்கானது என்றால், அது அத்துடன் முடிந்தது. மாலையில் துப்ரோவ்னிக் திரும்ப முடியாது. பெட்டி ஹோட்டலில், ரிட்டர்ன் டிக்கெட் குரோஷியாவிலிருந்து, நீங்கள் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். யோசித்துப் பாருங்கள்!

எனவே விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘01’ என்றால் இந்தப் பயணமே வேண்டாம். ‘02’ என்றால் ஒருமுறை எல்லை தாண்டித் திரும்பலாம். ‘மல்ட்’ என்ற நான்கெழுத்துச் சுருக்கம் இருந்தால் பலமுறை. ஒருநாள் மாண்டினீக்ரோ, இன்னொரு நாள் போஸ்னியா என்று இரண்டு பயணம் போட்டால், முதலில் வந்திறங்கியதையும் சேர்த்து மூன்று நுழைவுகள் ஆகிவிடும். அதற்கு ‘02’ போதாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தில் இதைக் காட்டி, பலமுறை நுழைவு கேட்பது நல்லது. விதிகள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பஸ் கிளம்புகிறது

காலை ஏழு, ஏழரைக்கெல்லாம் பஸ் கிளம்பிவிடும். துப்ரோவ்னிக்கின் கோட்டை மதில்களை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் பார்த்த பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்த மதில்கள் பின்னால் மறைய, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் சாம்பல் நிற மலை. கொஞ்ச நேரத்தில் கோனாவ்லே என்ற பசுமையான சமவெளி வரும். திராட்சைத் தோட்டங்களும் ஊசி மாதிரி நிமிர்ந்த சைப்ரஸ் மரங்களுமாக அமைதியாக இருக்கும்.

1991 அக்டோபரில் யுகோஸ்லாவிய ராணுவம் துப்ரோவ்னிக்கை முற்றுகையிட வந்த வழிகளில் இதுவும் ஒன்று. அந்தப் படையில் மாண்டினீக்ரோவைச் சேர்ந்த வீரர்கள் ஏராளம். கோனாவ்லேயின் வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. டிசம்பர் 6 அன்று துப்ரோவ்னிக்கின் பழைய நகரத்தின் மீதே குண்டுகள் விழுந்தன. 2000-ம் ஆண்டில் மாண்டினீக்ரோவின் அன்றைய அதிபர் மிலோ ஜுகனோவிச், குரோஷிய அதிபரைச் சந்தித்து இதற்காக வருத்தம் தெரிவித்தார். இன்று அதே சாலையில் இரு நாட்டுக்கும் நடுவே சுற்றுலா பஸ்கள் போய் வருகின்றன.

சுமார் 40 கிலோமீட்டரில் எல்லை. முதலில் குரோஷியச் சாவடி, சற்றுத் தள்ளி மாண்டினீக்ரோ சாவடி. கோடைக்காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். டிரைவர் இரு பக்கத்து அதிகாரிகளிடமும் ஒரே மொழியில் பேசுவதைக் கவனியுங்கள். குரோஷிய மொழி, மாண்டினீக்ரோ மொழி என்று இன்று பெயர் வேறு. பேசினால் ஒருவருக்கொருவர் தாராளமாகப் புரியும். மாண்டினீக்ரோவில் ரஷ்ய எழுத்து போன்ற சிரிலிக் எழுத்தும் புழக்கத்தில் இருப்பதால் சில பலகைகள் மட்டும் வேறு மாதிரி தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து கொடுத்த நிலம்

எல்லை தாண்டி பஸ் இறங்குவது சுதோரினா என்ற சின்னப் பள்ளத்தாக்கில். அந்தக் காலத்தில் துப்ரோவ்னிக், ‘ரகூசா’ என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்தது. கப்பல் வணிகத்தில் அதன் பெரிய போட்டியாளர் வெனிஸ். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெனிஸின் நிலம். எந்த நாளில் உள்ளே வருவார்களோ என்ற பயம் ரகூசாவுக்கு. 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கை நேரத்தில் ரகூசா ஒரு தந்திரம் செய்தது. தன் நிலத்தின் இரு முனைகளிலும் ஒரு துண்டை ஒட்டோமான் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்தது. வெனிஸ் படை தரைவழியாக வரவேண்டுமென்றால் துருக்கியரைத் தாண்டித்தான் வர வேண்டும்!

தெற்கு முனையில் கொடுத்த துண்டுதான் இந்த சுதோரினா. வடக்கு முனையில் கொடுத்தது நேயும். அந்த நேயும் இன்று போஸ்னியாவின் கையில் உள்ள சுமார் 20 கிலோமீட்டர் கடற்கரை. அதனால் குரோஷியாவின் நிலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சொந்த நாட்டின் ஒரு பகுதியிலிருந்து துப்ரோவ்னிக்குக் காரில் வருபவர்கள் போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய பயத்துக்கு, 2.4 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்ட வேண்டியிருந்தது.

கல் போட்டு உருவாக்கிய தீவு

அடுத்து கோட்டோர் விரிகுடா. கடல் மலைகளுக்கு நடுவே புகுந்து, ஏரி மாதிரி விரிந்து கிடக்கும். நார்வேயின் ஃப்யோர்ட் போல என்பார்கள். அது பனிப்பாறை செதுக்கியது. இது கடலில் மூழ்கிப்போன ஆற்றுப் பள்ளத்தாக்கு.

கரையோரம் பெராஸ்ட் என்ற கல்வீட்டுக் கிராமம். எதிரே இரண்டு குட்டித் தீவுகள். ஒன்று இயற்கையானது. இன்னொன்று மனிதர்கள் உருவாக்கியது. 1452-ம் ஆண்டு ஜூலை 22 அன்று, கடலில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறை மேல் மாதா படம் ஒன்றைச் சகோதரர்கள் இருவர் கண்டெடுத்ததாக ஊர்மக்கள் சொல்கிறார்கள். அன்றிலிருந்து பாறையைச் சுற்றிக் கல் போட்டும், கல் நிரப்பிய பழைய கப்பல்களை மூழ்கடித்தும் தீவை வளர்த்து, மேலே ஒரு தேவாலயம் கட்டினார்கள். இப்போதும் ஒவ்வொரு ஜூலை 22 மாலையும் படகுகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போய்க் கல் போடுகிறார்கள்.

படகில் ஐந்தே நிமிடம். பெரியவர்களும் சிரமமில்லாமல் போகலாம். உள்ளே ஓர் எம்பிராய்டரி இருக்கிறது. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்த யாசிந்தா குனிச் என்ற பெண், 25 வருடம் தைத்தது. பொன், வெள்ளி இழைகளோடு தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்தாராம். அதில் உள்ள தேவதைகளின் கூந்தல் ஓரிடத்தில் அடர் நிறமாகவும், போகப் போக வெளுத்தும் தெரியும். அவர் தலை நரைத்ததற்கான சாட்சி அதுதான் என்கிறார்கள்.

கோட்டோர்: மதில், பூனை, படிக்கட்டு

கோட்டோரில் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்ட, பல குழுக்களில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார். 1420 முதல் 1797 வரை வெனிஸின் ஆட்சியில் இருந்த ஊர். கடல் வாசலின் மேல் 1944 நவம்பர் 21 என்ற தேதி தெரியும். நாஜிகளிடமிருந்து ஊர் விடுபட்ட நாள் அது. உள்ளே 1166-ல் அர்ப்பணிக்கப்பட்ட டிரைஃபன் தேவாலயம், சந்து பொந்தெல்லாம் பூனைகள். பூனைக்கென்று ஒரு மியூசியமே இருக்கிறது. குழந்தைகள் அங்கிருந்து வர மாட்டார்கள்.

ஊரைச் சுற்றிய மதில் சுமார் 4.5 கிலோமீட்டர் நீளம். மலை மீது ஏறிப் போகிறது. உச்சிக் கோட்டைக்குச் சுமார் 1,350 படிகள், தனிக் கட்டணம். இந்தப் பயணத்தில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் முழுதாக ஏறி இறங்குவது கஷ்டம். மூட்டுவலி உள்ளவர்கள் கீழேயே காபி குடிக்கலாம். இளைஞர்கள் பாதி வழியில் உள்ள சிறு தேவாலயம் வரை ஏறினாலே விரிகுடா முழுக்கத் தெரியும்.

1979 ஏப்ரல் 15 அன்று வந்த பூகம்பத்தில் இந்த ஊர் பலமாக அடிவாங்கியது. அதே வருடம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. துப்ரோவ்னிக் சேர்ந்ததும் அதே வருடம்தான். இரண்டும் அன்று யுகோஸ்லாவியா என்ற ஒரே பெயரில் பதிவானவை.

பிறகு 20 சொச்சம் கிலோமீட்டரில் புத்வா. கடலோரப் பழைய நகரம், கொஞ்சம் நீச்சல், கொஞ்சம் ஐஸ்க்ரீம். திரும்பும்போது பல பஸ்கள் கமெனாரி - லெபெட்டானே படகில் ஏறி விரிகுடாவைக் குறுக்கே கடக்கும். வண்டியோடு நாமும் மிதந்து போவது பிள்ளைகளுக்குத் தனி குஷி.

இன்னொரு வழி: மோஸ்டார்

துப்ரோவ்னிக்கிலிருந்து போஸ்னியாவின் மோஸ்டாருக்கும் இதேபோல் ஒருநாள் பயணம் உண்டு. 1566-ல் ஒட்டோமான்கள் கட்டிய வளைவுக் கல்பாலம் அங்கே. போரில் 1993 நவம்பர் 9 அன்று குண்டுவீச்சில் இடிந்தது. 2004 ஜூலையில் மீண்டும் கட்டித் திறந்தார்கள். போஸ்னியாவில் நாணயம் ‘கன்வெர்ட்டிபிள் மார்க்’. மாண்டினீக்ரோ, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோவையே பயன்படுத்துகிறது.

கிளம்பும் முன்...

* பாஸ்போர்ட் அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நகலோ, போனில் உள்ள படமோ செல்லாது.

* 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் வெளிநாட்டவரின் கைரேகை, முகப்படம் பதியும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. அன்று இரவே விமானம் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

* குரோஷிய சிம்மில் மாண்டினீக்ரோவுக்குள் கூடுதல் கட்டணம் வரலாம். எல்லையில் டேட்டாவை அணைத்துவிடுங்கள். மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

* சைவர்கள் பேக்கரிகளில் சீஸ் வைத்த ‘புரெக்’ கேட்கலாம். கறி வைத்ததும் அதே உருவத்தில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

* மாண்டினீக்ரோவின் நெகுஷி சீஸும் புகைபோட்ட இறைச்சியும் பிரபலம். அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அவற்றை எடுத்துவர அனுமதி இல்லை.

* கழிப்பறைக்குச் சில்லறை யூரோ, பிடிமானமுள்ள செருப்பு, தண்ணீர் பாட்டில் மூன்றும் அவசியம். பழைய நகரங்களின் கல்தரை வழுக்கும்.

மாலை எல்லையில் பஸ் மறுபடி க்யூவில் நிற்கும்போது வழிகாட்டிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அவர் ஐம்பதை நெருங்கியவராக இருந்தால், யுகோஸ்லாவியா காலத்துப் பள்ளி நாள்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச விரும்பினால், எந்த மியூசியத்திலும் கிடைக்காத கதை கிடைக்கும். மாண்டினீக்ரோ, 2028-க்குள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று முயல்கிறது. அது நடந்து, பிறகு ஷெங்கனிலும் சேர்ந்தால், இந்தச் சாவடியில் யாரும் நிற்க வேண்டியிருக்காது. அதுவரை, விசா ஸ்டிக்கரில் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.