மாதம் ஒரு தொகை, கையில் ஒரு போட்டோ... குழந்தை ஸ்பான்சர்ஷிப் பணம் எங்கே போகிறது?

ரயில் நிலைய வாசலிலோ, மால் படிக்கட்டிலோ அந்த இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். "சார், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். திரையில் ஒரு சிறுமியின் முகம் வரும். மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் இவளைப் போன்ற ஒரு குழந்தையின் படிப்பு தொடரும் என்பார்கள். சிலர் அங்கேயே கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இரு தரப்புக்கும் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான். இந்தப் பணம் உண்மையிலேயே அந்தக் குழந்தைக்குத்தான் போய்ச் சேருமா?

பல பெரிய நிறுவனங்களில், நேரடியாகப் போய்ச் சேராது. ஆனால், அதை ஏமாற்று வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்தப் பழக்கம் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

அப்பா எழுதிய சீட்டு

1937. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே சென்றிருந்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் லாங்டன்-டேவிஸ், ஹோசே என்ற 5 வயதுச் சிறுவனைப் பார்த்தார். அவனிடம் அவனுடைய அப்பா எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு இருந்தது. சான்டாண்டர் நகரம் எதிரிகளிடம் விழுந்தால் தன்னைச் சுட்டுவிடுவார்கள், மகனைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் தனக்காக அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் கெஞ்சியிருந்தார் அந்த மனிதர்.

நிவாரணப் பணியாளர் எரிக் மக்கரிட்ஜுடன் சேர்ந்து லாங்டன்-டேவிஸ் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஸ்பெயினில் அகதியாக நிற்கும் ஒரு குழந்தைக்கு, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பணம் அனுப்ப வேண்டும். கடிதமும் எழுத வேண்டும். இன்று பிளான் இன்டர்நேஷனல் என்று அறியப்படும் அமைப்பின் ஆரம்பம் இதுதான். 1950-களில் கொரியப் போர் ஏராளமான குழந்தைகளை அநாதைகளாக்கியபோது வேர்ல்டு விஷன், கம்பேஷன் போன்ற அமைப்புகளும் இதே வழியில் இறங்கின. அன்று கை நீட்டிய தென் கொரியா, 1991-ல் வேர்ல்டு விஷனில் உதவி பெறும் நாடு என்ற நிலையிலிருந்து உதவி கொடுக்கும் நாடாக மாறியது தனிக்கதை.

நம் ஊரில் இதை "ஒரு குழந்தையைத் தத்தெடுத்துப் படிக்க வைக்கிறார்" என்று சொல்வது வழக்கம். சட்டப்படி தத்தெடுப்பு முற்றிலும் வேறு. ஸ்பான்சர் செய்யும் குழந்தைக்கு அப்பா அம்மா அல்லது உறவினர் இருப்பார்கள். அவர்களுடனேயே அது வளரும். ஸ்பான்சருக்கு எந்த உரிமையும் கிடையாது. குழந்தையின் முகவரிகூடப் பொதுவாகத் தரப்படாது. கடிதங்களை ஊழியர்கள் படித்த பிறகே கொடுப்பார்கள், முன்னறிவிப்பின்றி நேரில் போய்ப் பார்க்கவும் விட மாட்டார்கள். கெடுபிடியாகத் தோன்றினாலும், குழந்தையின் பாதுகாப்பு என்று வரும்போது இது தேவையான கெடுபிடிதான்.

40 பேருக்குப் புது ஷூ, மற்றவர்களுக்கு?

போர் முகாமில் சரியாக வந்த கணக்கு, ஏழைக் கிராமத்தில் வரவில்லை. 200 குழந்தைகள் இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அதில் 40 பேருக்கு மட்டும் ஸ்பான்சர் கிடைக்கிறது. அவர்களுக்குப் புதுச் சீருடை, ஷூ, பை. பக்கத்து வீட்டுப் பிள்ளை வெறுங்காலுடன் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு உண்டு, தங்கைக்கு இல்லை என்ற நிலையும் வரும். கூடவே, ஒவ்வொரு குழந்தைக்கும் போட்டோ எடுத்து, கடிதத்தை மொழிபெயர்த்து, தபால் செலவு செய்து அனுப்ப ஆட்களும் பணமும் வேண்டும்.

1982-ல் 'நியூ இன்டர்நேஷனலிஸ்ட்' என்ற ஆங்கில இதழ், தயவுசெய்து இந்தக் குழந்தையை ஸ்பான்சர் செய்யாதீர்கள் என்று அட்டையிலேயே போட்டு இந்தக் கேள்விகளை எழுப்பியது. அந்தக் காலகட்டத்தில் பல அமைப்புகள் பாதையை மாற்றிக்கொண்டிருந்தன. எல்லா ஸ்பான்சர்களின் பணத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஊருக்குச் செலவிடுவது என்று முடிவெடுத்தன. 1972-ல் இந்தியாவிலும் கென்யாவிலும் 88 குழந்தைகளுக்கு 88 பிரிட்டிஷ் ஸ்பான்சர்களைப் பிடித்துத் தொடங்கிய ஆக்‌ஷன்எய்டும் பின்னாளில் இந்தப் பக்கம் வந்ததுதான்.

ஊருக்குச் செய்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும்? வறுமையில் வாழும் குடும்பத்தின் அன்றாடத்தைக் கவனித்தால் புரியும். ஊரில் ஒரு போர்வெல் வந்தால், தினமும் தண்ணீருக்கு நடந்த சிறுமிக்குப் பள்ளிக்குப் போக நேரம் கிடைக்கிறது. பள்ளியில் கழிப்பறை கட்டினால், வயதுக்கு வந்த பிறகு படிப்பை நிறுத்தும் பிள்ளைகளில் சிலராவது தொடர்கிறார்கள். அம்மா மகளிர் குழுவில் சேர்ந்து கொஞ்சம் சேமித்தால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத மாதத்தில் பையனை வேலைக்கு அனுப்ப வேண்டியதில்லை. இதில் எதையும் 'உங்கள் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தது' என்று போட்டோ எடுத்து அனுப்ப முடியாது. ஆனால், போர்வெல்லுக்காக மாதாமாதம் பணம் கட்டுபவர்கள் குறைவு. ஒரு முகத்துக்காகக் கட்டுபவர்கள் அதிகம். அதனால் வேலை ஊருக்கு மாறிய பிறகும், விளம்பரத்தில் குழந்தையின் முகம் மாறவில்லை.

சிக்கல் அங்கேதான் முளைத்தது. 1998-ல் அமெரிக்காவின் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழ் ஒரு விசாரணைக் கட்டுரை வெளியிட்டது. அதன் செய்தியாளர்களும் ஆசிரியர்களும் 12 குழந்தைகளை ஸ்பான்சர் செய்துவிட்டு, பிறகு நேரிலேயே தேடிப் போனார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் ஒரு செய்தியாளர் தேடிப் போன சிறுமி உயிரோடு இல்லை. மின்னல் தாக்கி இறந்து நீண்ட காலமாகியிருந்தது. அதுவரை அவள் பெயரில் பணம் போய்க்கொண்டிருந்தது, அவளைப் பற்றிய தகவலும் ஸ்பான்சருக்கு வந்துகொண்டிருந்தது. பணத்தை ஊருக்குச் செலவிட்டதுகூடப் பெரிதில்லை. இறந்த குழந்தை உயிரோடு இருப்பதாக ஒருவரை நம்ப வைத்ததை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

அண்ணனும் தம்பியும் சொன்ன கணக்கு

இத்தனை ஆண்டுகளில் ஒரு கேள்விக்கு மட்டும் சரியான பதில் கிடைக்காமலே இருந்தது. ஸ்பான்சர் செய்யப்பட்ட குழந்தை பெரியவனானதும் அவன் வாழ்க்கை மாறுகிறதா, இல்லையா? அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் ப்ரூஸ் வைடிக், பால் க்ளூவி, லெய்ன் ரட்லெட்ஜ் மூவரும் அதைத் தேடினார்கள். கம்பேஷன் அமைப்பு ஆய்வுக்கு ஒத்துழைத்தது. இந்தியா, கென்யா, உகாண்டா, பிலிப்பைன்ஸ், பொலிவியா, குவாத்தமாலா என 6 நாடுகளில் 10,144 பேரின் விவரங்களைத் திரட்டினார்கள். அவர்களில் 1,860 பேர் சிறுவயதில் ஸ்பான்சர் பெற்றவர்கள்.

இவர்களை யாரோடு ஒப்பிடுவது? அக்கறையுள்ள பெற்றோர்தான் பிள்ளையை இந்தத் திட்டத்தில் சேர்த்திருப்பார்கள். அப்படியானால், முன்னேற்றம் பெற்றோரால் வந்ததா, திட்டத்தால் வந்ததா? ஆய்வாளர்களுக்கு உதவியது ஒரு பழைய விதி. ஒரு கிராமத்தில் திட்டம் தொடங்கும்போது 12 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டுமே சேர்த்தார்கள். ஆக, 10 வயதுத் தம்பி உள்ளே. 14 வயது அண்ணன் வெளியே. அதே அம்மா, அதே வீடு, அதே வறுமை. வெறும் வயதால் தவறவிட்ட அண்ணன், அக்காக்களோடு ஒப்பிட்டபோது கணக்கு தெளிவானது.

ஸ்பான்சர் பெற்றவர்கள் சராசரியாக ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். 100 பேரில் 44, 45 பேர் மேல்நிலைப் படிப்பை முடிக்கும் சூழலில், இவர்களில் இன்னும் 12 முதல் 18 பேர் கூடுதலாக முடித்திருந்தார்கள். அலுவலக வேலைக்குப் போனவர்களும் கூடியிருந்தார்கள். 2013-ல் 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி'யில் இந்த முடிவுகள் வந்தபோது பலருக்கும் ஆச்சர்யம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த ஆய்வு நடந்தது ஊருக்குக் கிணறு வெட்டும் திட்டத்தில் அல்ல. குழந்தையை நேரடியாகக் கவனிக்கும் பழைய பாணித் திட்டத்தில். அங்கே பிள்ளைகள் வாரத்துக்கு 8 மணி நேரமாவது மையத்துக்கு வருவார்கள். பாடம், விளையாட்டு, சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, இவற்றோடு 'நீ பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய்?' என்று விடாமல் கேட்கும் ஒரு பெரியவரும் இருப்பார். சராசரியாக 9 ஆண்டுகளுக்கு மேல் இது நடந்திருக்கிறது. மற்ற அமைப்புகளுக்கும் இதே பலன் என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனாலும், குழந்தையை விட்டுவிட்டு ஊரை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவந்த விமர்சகர்களை இது யோசிக்க வைத்தது.

அந்த 'என்ன ஆகப்போகிறாய்' கேள்விக்கு எவ்வளவு பலம்? வைடிக் குழுவினர் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் குடிசைப் பகுதிகளில் பிள்ளைகளிடம் கலர் பென்சில்களைக் கொடுத்து, தங்களை வரையச் சொன்னார்கள். காகிதத்தின் மூலையில் மிகச் சிறிதாக வரைவது, வாயே இல்லாமல் வரைவது போன்றவற்றை மனப்பதற்றத்தின் அடையாளங்களாக உளவியலாளர்கள் பார்க்கிறார்கள். திட்டத்தில் இருந்த பிள்ளைகளின் படங்களில் அந்த அடையாளங்கள் குறைவாக இருந்தன. நம்பிக்கை தெரிந்தது.

கடிதம் நின்ற மார்ச்

அந்த ஆய்வு நடந்த 6 நாடுகளில் ஒன்றான இந்தியாவில், அந்த அமைப்பின் பணி இப்போது இல்லை. வெளிநாட்டு நிதி மதமாற்றத்துக்குப் பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், முன் அனுமதியின்றிப் பணம் அனுப்ப 2016-ல் மத்திய அரசு தடை விதித்தது. உள்ளூர் தேவாலயங்கள் வழியாகச் செயல்பட்ட அந்த அமைப்பு குற்றச்சாட்டை மறுத்தது. கடைசியில், 2017 மார்ச்சில் வெளியேறியது. அப்போது திட்டத்தில் இருந்த இந்தியக் குழந்தைகள் சுமார் 1,45,000 பேர். யார் பக்கம் நியாயம் என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மாதாமாதம் யாரோ ஒருவரின் கடிதத்துக்குக் காத்திருந்த பிள்ளைக்கு அந்த வாதம் எதுவும் புரிந்திருக்காது. தொலைவில் இருப்பவரின் தயவை நம்பிய எந்த உதவிக்கும் இந்த ஆபத்து உண்டு.

பணம் கொடுக்க நினைப்பவர்கள் நிறுவனத்திடம் சில விஷயங்களை முதலிலேயே கேட்டுவிடலாம். பணம் குழந்தைக்கா, ஊருக்கா? குழந்தை ஊர் மாறினாலோ, படிப்பை நிறுத்தினாலோ எத்தனை நாளில் எங்களுக்குச் சொல்வீர்கள்? நான் பாதியில் நிறுத்தினால் குழந்தைக்கு உதவி நிற்குமா? நல்ல அமைப்பு இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் 'நிற்காது, வேறு ஸ்பான்சர் வரும் வரை நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லும்.

பலருக்கும் தெரியாத இன்னொரு ஸ்பான்சரும் இருக்கிறது: அரசு. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஸ்பான்சர்ஷிப்புக்கு வழி செய்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து தாத்தா பாட்டி, சித்தப்பா வீட்டில் வளரும் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோயுடன் போராடும் பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோருக்கு இது பொருந்தும். ஆண்டு வருமானம் கிராமங்களில் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். இதில் போட்டோ காட்டி யாரும் பணம் கேட்பதில்லை. குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதுதான் நோக்கம். உங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் கேட்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை.