மின்னஞ்சலில் முதல் இரண்டு வரி முக்கியம்

வாட்ஸ்அப்பில் வளர்ந்த தலைமுறை நாம். “ஹாய்” என்று அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகுதான் விஷயத்தையே சொல்வோம். ஆனால், வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது நம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நம் மின்னஞ்சலைப் பார்த்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு விடுமுறையில் ஒரு நிறுவனத்தில் பயிற்சி மேற்கொண்டேன். பொது முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களை உரியவர்களுக்கு அனுப்பிவைப்பது என் வேலைகளில் ஒன்று. நான் எழுதியதைவிட, பிறர் எழுதியதைப் படித்துக் கற்றதே அதிகம்.

ஒரு மாணவரின் மின்னஞ்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. தலைப்பு “உதவி தேவை”. தம்மைப் பற்றியும் படிப்பைப் பற்றியும் ஐந்து பத்திகள். தேர்வு இருப்பதால் நேர்காணல் நேரத்தை மாற்ற முடியுமா என்ற கேள்வி கடைசி வரியில்தான் இருந்தது. பொறுப்பாளர் அதை முழுமையாகப் படிப்பதற்குள் மற்ற நேரங்களை வேறு மாணவர்கள் எடுத்துக்கொண்டனர். அவர் திறமை குறைந்தவர் அல்லர். கேட்க வேண்டியதை முதலில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தலைப்பைப் பார்த்தவுடனே என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்பது தெரியவேண்டும். “நேர்காணல் நேரத்தை மாற்றக் கோரிக்கை: மே 14, பிற்பகல் 2 மணி” என்றால் யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். முதல் இரண்டு வரிகளில் கோரிக்கை, பிறகு காரணம், இறுதியில் நன்றியும் தொடர்பு எண்ணும் போதும்.

பல இனத்தவர் பணியாற்றும் நம் அலுவலகங்களில் பெயரிலும் கவனம் தேவை. சீனப் பெயர்களில் பொதுவாகக் குடும்பப் பெயர் முதலில் வரும். மலாய்ப் பெயர்களில் ‘பின்’, ‘பிந்தே’ என்பதை அடுத்து வருவது தந்தையின் பெயர். நம்மில் பலரின் பெயரிலும் இறுதியில் இருப்பது தந்தை பெயர்தான். அதைச் சொல்லி விளித்தால் மின்னஞ்சல் அப்பாவுக்குப் போனதுபோல் ஆகிவிடும்! ஐயம் இருந்தால், அவர் தம் மின்னஞ்சலின் அடியில் எப்படிப் பெயரிடுகிறார் என்று பாருங்கள்.

அடுத்து, யாருக்கு அனுப்புகிறோம் என்பது. தட்டச்சுக் காலத்தில் கார்பன் தாள் வைத்து எடுத்த நகல்தான் இன்றைய ‘சிசி’. ‘டு’ பகுதியில் இருப்பவர் செயல்பட வேண்டியவர். ‘சிசி’யில் இருப்பவர் தகவல் அறிந்திருந்தால் போதும். ஒருவரை ஒருவர் அறியாத பலருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பும்போது ‘பிசிசி’யைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட சிங்கப்பூரில் இது வெறும் நாகரிகப் பிரச்சினை அன்று.

என் மேற்பார்வையாளர் சொல்லித்தந்த ஒரு பழக்கத்தை இன்றும் கடைப்பிடிக்கிறேன். முதலில் கோப்பை இணைப்பது, பிறகு எழுதுவது, படித்துப் பார்த்த பின் கடைசியாக முகவரியை நிரப்புவது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெற அதிகபட்சம் 30 விநாடிகளே உண்டு. முகவரி இல்லாத மின்னஞ்சலோ தவறுதலாகக்கூடப் போகாது.

கோபமாக இருக்கும்போது எழுதவே வேண்டாம். மின்னஞ்சல் பதிவாக நிலைத்திருக்கும். நாம் நினைக்காதவர்களுக்கும் அனுப்பப்படலாம். நேரில் அல்லது தொலைபேசியில் பேசித் தீர்க்கக்கூடியதைப் பேசித் தீர்ப்பதே நல்லது. பதில் வராவிட்டால், இரண்டு மூன்று வேலை நாள்கள் பொறுத்திருந்து பணிவாக நினைவூட்டலாம். அதில் தவறில்லை.

இதற்கெல்லாம் வேலை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை உங்கள் ஆசிரியருக்கோ விரிவுரையாளருக்கோ எழுதும்போது, முதல் இரண்டு வரிகளை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நீங்கள் கேட்க வந்தது அதில் இருக்கிறதா?