கரும்பலகை ஓரம் – 9: உகர வரிசையில் தடுக்கும் பிள்ளைகள்

போன வாரம் காலை உணவு வரிசையில் நின்ற பிள்ளைகளோடு இந்த வாரம் வகுப்புக்குள் போவோம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம் பருவப் புத்தகம் கைக்கு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் வந்த முப்பருவ முறையில் ஓராண்டுப் பாடத்தை மூன்றாகப் பிரித்தார்கள். புத்தகப் பையின் கனம் குறைந்ததைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினோம். ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளை என்ன கற்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. வீட்டில் கேட்கும் கேள்வி இரண்டுதான்: ‘எவ்வளவு மார்க்?’, ‘இங்கிலீஷ் படிக்குதா?’ அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த மழைக்காலப் பருவம் சின்ன வகுப்புகளில் மிக முக்கியமானது. படிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளை என்ற பிரிவு இந்த மூன்று மாதத்தில்தான் விழத் தொடங்குகிறது. விழாமல் தடுக்கவும் இந்த மூன்று மாதத்தில்தான் முடியும்.

நான் போய் உட்கார்ந்தது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில், ஒரே ஆசிரியையிடம் இருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் பக்கத்து அறையில் தலைமையாசிரியரிடம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் அமைப்பே இதுதான். 2009இன் கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வரை சேர்த்து 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஆக, ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அப்போது இருந்தார்கள். அதை ஈடுகட்ட 2022 ஜூனில் வந்தது அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது அதன் இலக்கு. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பார்ப்பது அதன் அடிப்படை. மூன்றாம் வகுப்பில் இருக்கும் பையன் அரும்பு நிலையில் இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பெண் மலரில் இருக்கலாம். அவரவர் வேகத்துக்குக் கற்பது என்ற எண்ணம் நமக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்பு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலும் இதே வழியில் வந்ததுதான்.

சரி, மொழிப்பாடத்துக்கு வருவோம். முதல் பருவத்தில் உயிரெழுத்து, மெய்யெழுத்து, அகர வரிசை எல்லாம் ஓரளவு வந்துவிடும். பட்டம், மரம், படம் போன்ற சொற்களைப் பிள்ளைகள் கடகடவென்று படிப்பார்கள். அடுத்து வருவது உயிர்மெய்க் குறிகள். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துகிறோம். உண்மையில் பிள்ளை 247 உருவத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உயிர் 12, அகர வரிசை 18, ஆய்தம் ஒன்று, மேலே ஒரு புள்ளி. பிறகு சில குறிகள். துணைக்கால் தெரிந்தால் கா, சா, தா என்று ஒரு வரிசை முழுக்கக் கைக்கு வந்துவிடும். இகரமும் ஈகாரமும் அப்படியேதான், டி, டீ மட்டும் கொஞ்சம் விலகி நிற்கும்.

இந்த ஓட்டம் நின்றுபோகும் இடம் உகரம்.

கு, சு, து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே உகர ஒலிதான். ஆனால் மூன்றுக்கும் மூன்று விதமான உருவம். பெரியவர்களுக்குக் கண் பழகிவிட்டது, தெரிவதில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுவரை நம்பிய விதி சட்டென்று உடைகிறது. அந்த ஆசிரியை இதைக் கையாண்ட விதத்தை நான் வரி வரியாகக் குறித்துக்கொண்டேன். பதினெட்டையும் மூன்று குடும்பமாகப் பிரித்திருந்தார். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கீழே கோடு இறங்கும் குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே போய் வளைந்து மேலே ஏறும் குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுழித்துத் திரும்பும் குடும்பம். பிள்ளைகள் முதலில் தரையில் சாக்பீஸால் பெரிதாக எழுதி அதன் மேல் காலால் நடந்தார்கள். பிறகு காற்றில் விரலால் எழுதினார்கள். நோட்டுக்குக் கடைசியில்தான் வந்தார்கள். ஊகாரத்தில் இதே குடும்பங்கள் வரும், கூ, சூ இரண்டும் தனியாகப் பிரிந்துவிடும். அவற்றுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்.

அடுத்த சிக்கல் கொம்பு. ‘கெ’ என்று வாய் சொல்லும்போது ககரம் முதலில், எகரம் பின்னால். கை எழுதும்போது கொம்பு முதலில், ககரம் பின்னால். சொல்வதெழுதுதலில் பிள்ளை ‘க’ என்று எழுதிவிட்டு, கொம்புக்கு இடம் இல்லாமல் திணறுவது இதனால்தான். கவனக்குறைவு என்று அதைத் திட்டக் கூடாது. ஒலியின் வரிசையை நம்பி எழுதியிருக்கிறது பிள்ளை. அது சரியாக யோசித்ததன் அடையாளம்.

இன்றைய பிள்ளைகளின் சுமை நம் பெற்றோருடையதைவிடக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்று தெளிவான வேறுபாடு கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். பெரியார் தம் இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்று 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை பிறப்பித்தபோது ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளின் விதிக்குள் வந்தன. தாத்தா எழுதும் ‘லை’யையும் பேத்தி எழுதும் ‘லை’யையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வகுப்பில் நான் பார்த்த இன்னொன்று. சொல்லும் படமும் உள்ள அட்டைகளைப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி அட்டையை எடுத்து, தயக்கமே இல்லாமல் உரக்கப் படித்தாள்: “டம்ளர்!” அட்டையில் எழுதியிருந்தது ‘குவளை’. ஆசிரியை சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. படத்தை உள்ளங்கையால் மூடிவிட்டு, “இப்ப எழுத்தை மட்டும் பாரு கண்ணு” என்றார். அவள் விரலை வைத்து, “கு… வ… ளை” என்று கூட்டினாள். பிறகு நிமிர்ந்து, “குவளைன்னா என்ன டீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியை கையை எடுத்தார். “ஓ, டம்ளரு!” என்றாள் அவள். படிப்பு நடந்தது அந்த இடத்தில்தான். படத்தைப் பார்த்துச் சொல்வது ஒன்று, எழுத்தைக் கூட்டிச் சொல்வது மற்றொன்று, பொருளைப் பிடிப்பது மூன்றாவது. வீட்டில் பிள்ளை புத்தகத்தை எடுத்து மடமடவென்று ஒப்பிக்கும்போது இந்த மூன்றில் எது நடக்கிறது என்று கவனியுங்கள். பாதிப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு கண்ணை வேறெங்கோ வைத்திருக்கும்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் ஆறு வயதில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நாம் யோசிப்பதே இல்லை. சுவரில் ‘இ – இலை’ என்று படம். பிள்ளை வீட்டில் சொல்வது ‘எல’. ‘உ – உரல்’ என்று படம். பிள்ளையின் பாட்டி சொல்வது ‘ஒரலு’. பிள்ளை உரலைக் கண்டதும் அபூர்வம். இடம் எடமாகிறது, குடம் கொடமாகிறது. இகரத்தைக் கற்பிக்க வைத்த படமே அதன் காதில் எகரமாக விழுகிறது. ‘எல’ என்று எழுதும் பிள்ளை தான் கேட்டதைத்தான் எழுதுகிறது. அந்தப் பேச்சை மட்டம் தட்டாமல், ‘நாம எலன்னு சொல்றோம், புத்தகத்துல இலைன்னு எழுதறோம்’ என்று இரண்டையும் பக்கத்தில் வைக்கும் ஆசிரியரிடம் பிள்ளை வாயை மூடிக்கொள்வதில்லை. வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொன்னால், அடுத்த முறை அது எதையும் சொல்லாது.

கணக்கில் இந்தப் பருவத்தின் மையம் இடமதிப்பு. வடிவங்கள், அளவைகள், காலம் எல்லாம் புத்தகத்தில் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். தடுப்பது பத்து. ஒன்பது வரை எண்ணுவது பொருள்களை எண்ணுவது. பத்து என்று எழுதும்போது ஒரு ‘1’ பத்துக்குச் சமம் என்று நம்ப வேண்டியிருக்கிறது. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, மீதியை உதிரியாக வைத்து, “எத்தனை கட்டு? எத்தனை உதிரி?” என்று கேட்கும் செயல்பாடு எல்லாப் பள்ளியிலும் உண்டு. கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துப்போன விஷயம்தான். ஆனால் 42இலிருந்து 17ஐக் கழி என்றால் 35 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். 7இலிருந்து 2ஐ எடுத்து 5, 4இலிருந்து 1ஐ எடுத்து 3. பெரியதிலிருந்து சிறியதை எடு என்ற பாடத்தை அது ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. ‘கடன் வாங்கு, பக்கத்து வீட்டில் கேள்’ என்று சொல்லிக்கொடுப்பதால் இது தீராது. நான்கு கட்டையும் இரண்டு உதிரியையும் தரையில் வைத்து, ஒரு கட்டைப் பிள்ளையே பிரித்தால் பன்னிரண்டு உதிரி கண்முன்னே கிடக்கும். அதிலிருந்து ஏழை எடுப்பதற்குச் சூத்திரம் வேண்டாம். நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதே மருந்துதான். அதன் அடிப்படை ஒன்றாம் வகுப்பில் கட்டிய கட்டில் இருக்கிறது.

எண்ணைச் சொல்லும் முறையில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. இருபத்து மூன்று என்றால் இருபதும் மூன்றும். எழுதும் வரிசையும் சொல்லும் வரிசையும் ஒன்று. மராத்தியில் ஒன்றைச் சொல்லிப் பிறகு இருபதைச் சொல்வார்கள். 2019இல் மகாராஷ்டிர இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘இருபது ஒன்று’ என்ற முறையில் சொல்லலாம் என்று மாற்றியபோது பெரும் விவாதமே நடந்தது. நமக்கு இது இயல்பாகவே அமைந்திருக்கிறது. கூட்டாகப் பாடி எண்களை ஒப்பிக்க வைக்கும்போது இந்த வசதியை வீணாக்குகிறோம் என்பது என் கருத்து.

ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் கற்பிக்கிறார்கள். நல்ல மாற்றம். அதைத் தனியாக இன்னொரு வாரம் பார்ப்போம்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. பருவம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரித்திருப்பது நல்ல ஏற்பாடு. பாட்டு, கதை, பொம்மலாட்டம், செயல்பாடு என்று களங்கள் வைத்து நடத்துவதும் நல்லது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் செல்பேசிச் செயலியில் பதிய வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் ஒரே அறையில் இருக்க, ஆசிரியை ஒரு பிள்ளையோடு கைப்பேசியைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்ற பிள்ளைகள் என்ன செய்யும்? பதிவு செய்வதற்காகக் கற்பிக்கும் நேரம் போனால் பதிவில் நல்லது எதுவும் வராது. நிலை வாரியாகப் பிள்ளையைப் பார்ப்பது சரியான கொள்கை. அதைச் செய்ய இரண்டு ஆசிரியர்கள் போதாது. முதல் மூன்று வகுப்புக்காவது வகுப்புக்கு ஒருவர் வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்ற காரணத்தைச் சொல்லி இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாகப் பெற்றோருக்கு. வீட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுத வைக்காதீர்கள். இரவு பத்து நிமிடம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தை மூடிக்கொண்டு, சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேட்பதற்கு ஆள் இருந்தால் பிள்ளை படிக்கும். உங்கள் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். மார்க் எவ்வளவு என்று கேட்பதற்குப் பதிலாக, “என் பிள்ளை அரும்பில் இருக்கிறதா, மொட்டில் இருக்கிறதா? அடுத்த நிலைக்குப் போக நான் என்ன செய்ய வேண்டும்?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அரையாண்டு விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)