மாத்தளைத் தோட்டப் பாடசாலைகளின் வளர்ச்சியும் அதனை அளக்கும் முறையும்

ஆண்டுதோறும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் பாடசாலைகள்தோறும் ஒரு கணக்குப் பார்க்கப்படுகின்றது. தோற்றியோர் எத்துணைப் பேர், சித்தியடைந்தோர் எத்துணைப் பேர், நூற்றுக்கு எத்தனை வீதம் என்பதே அக்கணக்கு. அவ்வீதம் சென்ற ஆண்டினும் கூடியிருப்பின் பாடசாலை வளர்ந்தது என்கின்றோம். குறைந்திருப்பின் தளர்ந்தது என்கின்றோம். ஆயிரம் மாணவர் பயிலும் நகரக் கல்லூரிக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தலாம். மலைச்சரிவிலே நூற்றைம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடைபெறும் சிறிய தோட்டப் பாடசாலைக்கு அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்புகும் வினாவாகும்.

மாத்தளை மாவட்டம் 11 பிரதேச செயலகப் பிரிவுகளை உடையது. வடக்கே தம்புள்ளை, கலேவெல முதலிய பகுதிகள் நெல்லும் மரக்கறியும் விளையும் உலர்நிலம். தெற்கே உக்குவளை, இரத்தோட்டை, அம்பன்கங்கை கோரளை, யட்டவத்தை முதலிய பகுதிகள் தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு என்பன விளையும் மலைச்சாரல். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறக்குறைய 4,84,000. அவருள் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்ட இரு பிரிவினரும் சேர்ந்து நூற்றுக்குப் பத்தளவினரே. அவர்களுட் பெரும்பாலோர் தெற்கு மலைச்சாரலிலும் மாத்தளை நகரைச் சூழவும் வாழ்கின்றனர்.

இம்மக்களின் கல்வி வரலாறு நீண்டது. ஆயினும் பாடசாலை வரலாறு குறுகியது. கோப்பிப் பயிர்ச்செய்கை பரவிய காலத்திலே தமிழகத்தினின்றும் புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக மலைநாட்டை அடைந்தனர். வடக்கிலிருந்து வந்த அந்நெடுவழியில் அவர்கள் கண்ட முதல் மலையகப் பட்டினம் மாத்தளையேயாம். 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை அடைந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திய சட்டமோ 1907ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அதுவும் 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பித்தல் என்ற எல்லையைத் தாண்டவில்லை. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, அதில் ஓர் ஆசிரியர், அவர் முன்னே ஐந்து வகுப்புகள் என்பதே நெடுங்காலம் தோட்டப் பாடசாலையின் வடிவமாயிருந்தது.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நாட்டிலே இலவசக் கல்வி உதயமாயிற்று. அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை உடனே அடையவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரின் குடியுரிமையைப் பறித்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் அரசிடம் சேர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டு பாடசாலைகளும் கட்டங்கட்டமாக அரசின் பொறுப்பாயின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியால் வகுப்பறைகள் எழுந்தன. பின்னர் ஜெர்மன் நாட்டு உதவியோடு பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. கொட்டகலை ஆசிரிய கலாசாலையும் மலையக ஆசிரியரைப் பயிற்றியது. ஆகவே, ஏனைய பாடசாலைகள் நூறாண்டு ஏறிய படிகளைத் தோட்டப் பாடசாலை ஒரு தலைமுறைக் காலத்தில் ஏற வேண்டியதாயிற்று. அதன் வளர்ச்சியை அளப்போர் முதலில் நினைவிற் கொள்ள வேண்டியது இது.

இனி, இன்றைய அமைப்பை நோக்குவோம். இலங்கையில் அரச பாடசாலைகள் நால்வகைப்படும். உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாத் துறைகளும் உள்ளவை 1 ஏபி. கலை, வர்த்தகத் துறைகள் மட்டும் உள்ளவை 1 சி. தரம் 11 வரை உள்ளவை வகை 2. ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை வகை 3. தோட்டத்துச் சிறு பாடசாலைகளுட் பெரும்பாலானவை பின்னைய இரு வகையைச் சார்ந்தவை. ஆதலின் தோட்டத்துப் பிள்ளை ஒன்று கல்வியிலே மேற்செல்ல வேண்டுமாயின் இடையிலே பாடசாலை மாறியே தீர வேண்டும். தரம் 5இன் பின் ஒரு மாற்றம். தரம் 11இன் பின் மற்றொரு மாற்றம். விஞ்ஞானம் பயில விரும்பின் நகரத்துக்குப் பயணம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பாலம். ஒவ்வொரு பாலத்தடியிலும் சில பிள்ளைகள் நின்றுவிடுகின்றனர். பஸ் கட்டணம், முதல் பஸ் புறப்படும் நேரம், மாலையில் இருட்டுமுன் வீடு திரும்புதல் என்பன இங்கே பாடவிதானத்தினும் வலியவை.

பரீட்சை வீதம் இவ்விழப்பைக் காட்டுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு பாடசாலையில் 20 பிள்ளைகள் தரம் 1இற் சேர்ந்தனர். இருவர் தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சையில் தேறி நகரப் பாடசாலைக்குச் சென்றனர். இருவரின் குடும்பங்கள் வேலை தேடி ஊர் பெயர்ந்தன. நால்வர் தரம் 8இன் பின் படிப்படியாக வரவு குறைந்து நின்றுவிட்டனர். எஞ்சிய 12 பேர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற, அறுவர் சித்தியடைந்தனர். வீதம் 50. அடுத்த ஆண்டிலும் அதே தொகையினர்; அதே பெயர்வுகள். ஆனால் இம்முறை ஆசிரியர்கள் லயம் லயமாகச் சென்று, நின்றுபோன நால்வரையும் திரும்பவும் வகுப்பில் இருத்தினர். 16 பேர் தோற்றினர், எழுவர் சித்தியடைந்தனர். வீதம் 44க்கும் குறைவு. அதிகாரிகளின் ஏட்டில் அப்பாடசாலை தளர்ந்துவிட்டது. உண்மையிலோ ஒருவர் கூடுதலாகத் தேறியதுமன்றி, நால்வர் பதினொரு ஆண்டுக் கல்வியை நிறைவு செய்தும் விட்டனர். வீதத்தையே வளர்ச்சியாகக் கொள்ளும் பாடசாலை, மெலிந்த பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினால் இலாபம் அடைகின்றது. இதனினும் கேடான அளவுகோல் வேறு உண்டோ?

புலமைப் பரிசில் பரீட்சையும் இவ்வகையில் ஒரு முரணைத் தோற்றுவிக்கின்றது. சிறு பாடசாலை எத்துணை நன்றாகக் கற்பிக்கின்றதோ அத்துணை விரைவாகத் தன் சிறந்த பிள்ளைகளை இழக்கின்றது. அப்பிள்ளை ஆறாண்டின்பின் பெறும் சித்தி நகரப் பாடசாலையின் ஏட்டிலேயே பதியப்படும். எழுத்தறிவித்த ஆரம்ப ஆசிரியரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மாவட்டச் சராசரியும் இவ்வாறே மறைக்கும் தன்மையது. பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை தவிர்ந்த பல கற்கைநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் தகைமையின்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. அப்பின்தங்கிய மாவட்டங்கள் 16. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி என்பன அவற்றுள் அடங்கும், மாத்தளை அடங்காது. மாவட்டத்தை ஒன்றாகப் பார்க்கின் இது பிழையன்று. நகரத்துப் பெரும் பாடசாலைகள் நன்றாகவே இயங்குகின்றன. ஆயினும் எல்கடுவை மலைச்சரிவிலிருந்து விஞ்ஞானம் பயில வந்த தோட்டத்துப் பிள்ளை, நுவரெலியாவில் உள்ள பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு தாங்குதலுமின்றி, நகரத்துப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கின்றது. வறுமை ஒன்றே; மாவட்ட எல்லைதான் வேறு.

மாத்தளைக்கே உரிய இன்னொரு நிலையும் உண்டு. நுவரெலியாவிற் போலத் தேயிலை இங்கே ஒரே பயிரன்று. மிளகுத் தோட்டங்களும் சிற்றுடைமைகளும் இடையிடையே பரந்துள்ளன. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின்பின் மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்தன. பிற்காலத்தில் இளைஞர் தொழில் தேடிக் கொழும்பு செல்கின்றனர். லயங்களில் ஆட்குறைவு ஏற்பட, பாடசாலை வரவும் சுருங்குகின்றது. தொகை சுருங்கிய பாடசாலையை மூடி அடுத்ததோடு இணைத்தல் கணக்குக்கு எளிது. ஆறு வயதுக் குழந்தை மழையில் நடக்க வேண்டிய தூரம் அக்கணக்கில் வருவதில்லை.

இந்நிலையில், மாணவர் நிகழ்ச்சிகள் எனப்படுவன சிறு பாடசாலைக்கு அலங்காரமல்ல, உயிர்நாடி. இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். தோட்டப் பாடசாலை ஒன்றிலே பல்லாண்டு கற்பித்தவன் என்ற முறையில் வரவு இடாப்பை ஒரு நூலைப் போலப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தரம் 7இல் ஒரு மாணவி வாரந்தோறும் இரு நாள் வராதிருந்தாள். காரணத்தை விசாரித்தபோது, அவ்விரு நாளும் தாய் மிளகு பறிக்கும் கூலி வேலைக்குச் செல்வதும், நான்கு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள இவள் வீட்டில் நிற்பதும் தெரியவந்தன. தம்பியையும் அழைத்துவந்து தரம் 1 வகுப்பின் ஓரத்தில் இருத்த அனுமதித்தோம். எனினும் அவளை நாள்தோறும் வரச்செய்தது அவ்வனுமதி மட்டுமன்று. அவ்வாண்டு தமிழ்த் தினப் போட்டியில் பாவோதல் நிகழ்ச்சிக்கு அவள் தெரிவாகியிருந்தாள். தான் வராவிடின் தன் இடம் வெறுமையாகும் என்ற எண்ணமே அவளை மலையேறச் செய்தது. கோட்ட மட்டத்தோடு அவள் வெற்றி நின்றுவிட்டது. அவள் கல்வி நிற்கவில்லை.

சிறு பாடசாலைக்குள்ள பெரும் செல்வம் இதுவே. ஆயிரம் பேர் உள்ள கல்லூரியிலே மேடை ஏறுவோர் ஐம்பதின்மர். நூறு பேர் உள்ள பாடசாலையிலே எல்லாரும் ஏறியே ஆக வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடாதவர் இல்லை. வாணி விழாவில் வேலை இல்லாதவர் இல்லை. காலைக் கூட்டத்திலே ஒவ்வொரு நாளும் ஒருவர் செய்தி வாசிப்பின் ஆண்டிறுதிக்குள் எல்லாரும் சபையில் வாய் திறந்திருப்பர். பாடசாலைத் தோட்டத்திலே பத்து மிளகுக் கொடி நட்டுப் பராமரித்து, விளைச்சலைப் பதிந்து கணக்கிடுவோர் கணிதத்தையும் விவசாயத்தையும் ஒருங்கே கற்கின்றனர். மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு முதலியோர் இம்மண்ணின் வாழ்வை எழுதியவர்கள். அவர்தம் பெயர்களைச் சொல்லி நூலகத்திலே ஒரு தட்டை நிரப்பினால், தன் ஊர்ப்பெயர் நூலின் அட்டையில் இருப்பதைக் காணும் பிள்ளைக்கு வாசிப்பு அந்நியமாகத் தோன்றாது.

ஆசிரியர் நிலையையும் கூறாது விடுதல் முறையன்று. 2015ஆம் ஆண்டளவில் மலையகப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்கள் தொடக்கத்தில் மாதம் 6,000 ரூபா படியுடன் பணிபுரிந்தனர். பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. அவர்களுட் பலர் அதே லயங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். பிள்ளையின் வீட்டை அறிந்த ஆசிரியர் பாடசாலைக்குப் பெரும் பேறு. ஆயின் விஞ்ஞானம், கணிதம், ஆங்கிலம் கற்பிப்போர் மலையில் நெடுநாள் தங்குவது அரிது. சிங்களத்தை இரண்டாம் மொழியாகச் செவ்வனே கற்பிப்போரும் வேண்டும். சிங்களம் பெரும்பான்மையாக வழங்கும் இம்மாவட்டத்தில் அம்மொழியறியாத இளைஞனுக்கு அலுவலகக் கதவு எளிதிற் திறவாது.

அங்ஙனமாயின் வளர்ச்சியை எவ்வாறு அளப்பது? எமது கருத்தில் வேண்டற்பாலது ஒரு தொடர் ஏடு. தரம் 1இற் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அதில் எழுதி, அப்பிள்ளை எங்கே பயில்கின்றது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதைப் பதின்மூன்று ஆண்டுகள் பதிந்து வருதல் வேண்டும். 1998 முதல் 14 வயது வரையும், 2016 முதல் 16 வயது வரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆதலின் நின்ற பிள்ளையைத் தேடுவது தயவன்று, சட்டத்தின் கடமை. 20 பேரில் எத்தனை பேர் இன்னும் கற்கின்றனர் என்பதே முதற் கேள்வியாகவும், தோற்றியோரில் எத்தனை பேர் சித்தியடைந்தனர் என்பது இரண்டாம் கேள்வியாகவும் அமைதல் நன்று.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. நகரக் கல்லூரியின் பெருமைக்குத் தோட்டத்து ஆரம்ப பாடசாலைகள் அனுப்பிய பிள்ளைகளும் காரணராவர். உயர்தர விஞ்ஞானம் பயில வரும் ஒரு மாணவிக்கு இரண்டாண்டுப் பஸ் கட்டணம், தங்குமிடம் ஒன்று, சனிக்கிழமைகளில் ஒரு கணித வகுப்பு எனச் சிறு உதவிகள் செய்யின் அவை பாலத்துக்குப் பலகை இட்டதுபோலாகும். உயர்தரத்தின்பின் பல்கலைக்கழகம் புகாதோருக்கு வெளிவாரிப் பட்டப் படிப்பு என்றொரு வழி உளது என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். அது நீண்டது, துணையில்லாது நடப்பார்க்குக் கடினமானது, ஆயினும் மூடிய வழியன்று. இதனை எழுதுபவனும் அவ்வழியே நடந்தவன்.

தோட்டப் பாடசாலையின் வளர்ச்சி ஓராண்டின் வீதத்தில் இல்லை. காலையில் இடாப்பை விரித்து ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது, சென்ற ஆண்டு குரல் கொடுத்த பிள்ளை இவ்வாண்டும் குரல் கொடுக்கின்றதா என்பதில் உள்ளது. அக்குரல்கள் குறையாதிருக்கச் செய்யும் பாடசாலை, பெறுபேற்றுப் பட்டியலில் எவ்விடத்தில் நிற்பினும், வளர்ந்துகொண்டேயிருக்கும் பாடசாலையாம்.