மூன்று என்னும் சட்டகம்: மதுரை சார்ந்த மும்மைத் தொகுப்புகளும் விடுபட்ட நான்காமதும்

ஆய்வுச் சுருக்கம்

முச்சங்கம், மூவேந்தர், முப்பால் என மூன்றாகத் தொகுத்து வழங்கும் மரபு தமிழில் வலுவானது. இத்தொகுப்புகளுள் சில, எண்ணப்பட்ட பொருள்களின் உண்மைத் தொகையாக அமையாமல், பொருள்களை அடுக்குவதற்குக் கைக்கொள்ளப்பட்ட சட்டகமாக அமைகின்றன. மதுரையோடு தொடர்புடைய சான்றுகளைக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு மும்மையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு முன், அதில் இடம்பெறாது நின்ற நான்காவது பொருளைத் தேடுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: முச்சங்கம், இறையனார் களவியல் உரை, மூவேந்தர், சம்பை, முப்பால், நாலடியார், நான்மாடக்கூடல்.

முன்னுரை

பொருள்களை எண்ணால் தொகுத்துப் பெயரிடுவது தமிழில் நிகண்டு நூல்களே தனித் தொகுதியாக ஏற்ற வழக்கு. திவாகரத்தின் பன்னிரண்டாம் தொகுதியாகிய பல்பொருட் கூட்டத்து ஒருபெயர்த் தொகுதி இதற்கெனவே அமைந்தது. இருசுடர், முக்கனி, நாற்படை, ஐம்பொறி என எல்லா எண்களுக்கும் தொகைப்பெயர்கள் உண்டு. எனினும் மூன்றுக்குக் கிடைத்த செல்வாக்கு பிற எண்களுக்குக் கிடைக்கவில்லை. மொழியைப் பகுத்தால் முத்தமிழ். சைவ சித்தாந்தத்தில் முப்பொருளும் மும்மலமும். தேவார ஆசிரியர் மூவர். பெய்யும் மழையும் மும்மாரி.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தேனிஷ் நாட்டு வழக்காற்றியல் அறிஞர் ஆக்சல் ஓல்ரிக், வாய்மொழிக் கதைகளின் அமைப்பு விதிகளைத் தொகுத்து 1909இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றின் விதியை ஒன்றாக வைத்தார். நிரலாக வருவனவற்றுள் இறுதியில் வருவதே கதையின் கனத்தைத் தாங்கும் என்பதும் அவர் கண்ட விதி. அமெரிக்க அறிஞர் ஆலன் டண்டிஸ் 1968இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை ஆய்வாளர் மீதே திருப்பினார். ஆய்வாளர் காணும் முப்பகுப்புகளுள் பல, ஆராயப்படும் பொருளில் இல்லாதவை. ஆய்வாளரின் பண்பாடு அவரிடம் விதைத்த பழக்கத்தால் விளைந்தவை என்பது அவருடைய எச்சரிக்கை. தமிழாய்விலும் இவ்வெச்சரிக்கைக்கு இடமுண்டு. முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று பகுக்காத ஆய்வேடுகள் மிகச் சிலவே.

முச்சங்கச் செய்தி

மதுரையோடு நெருங்கிய மும்மைகளுள் முதன்மையானது மூன்று சங்கங்கள் பற்றிய செய்தி. இதனை விரிவாகக் கூறும் முதல் நூல் இறையனார் களவியல் உரை. நக்கீரர் உரைத்த பொருள் பத்துத் தலைமுறையாக வாய்மொழியில் வந்து முசிறி நீலகண்டனாரை அடைந்ததாக அவ்வுரையே கூறுகிறது. நெடுமாறனைப் பாடும் பாண்டிக்கோவைச் செய்யுள்கள் உரையில் எடுத்துக்காட்டாகப் பயில்வதால், இன்றுள்ள வடிவம் 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கருதப்படுகிறது.

உரை தரும் தொகைகள் ஆராயத்தக்கவை. தலைச்சங்கம் 4440 ஆண்டும், இடைச்சங்கம் 3700 ஆண்டும், கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவின. சங்கம் இரீஇய பாண்டியர் முறையே 89, 59, 49 பேர். சங்கத்து இருந்தோர் முறையே 549, 59, 49 பேர். பாடினோர் 4449, 3700, 449 பேர். ஆண்டுத் தொகை மூன்றும் 37 என்னும் எண்ணின் மடங்குகளாக உள்ளன: 37ஐ 120, 100, 50 ஆகியவற்றால் பெருக்க அவை கிடைக்கின்றன. மூன்றன் கூட்டுத்தொகை 9990. அரசர் தொகையும் சங்கத்தார் தொகையும் தவறாமல் ஒன்பதில் முடிகின்றன. இடைச்சங்கத்தில் பாடினோர் தொகையும் ஆண்டுத் தொகையும் 3700 என ஒன்றாகவே நிற்கின்றன. இடைச்சங்கத்தின் 59 அரசர் 3700 ஆண்டு ஆண்டனர் எனின் ஒருவருக்குச் சராசரி 62 ஆண்டிற்கு மேல் வருகிறது. கடைச்சங்கத்தில் அச்சராசரி 38 ஆண்டிற்குச் சற்றுக் குறைவு. ஆவணங்களிலிருந்து திரட்டிய எண்கள் இத்தகைய ஒழுங்கோடு அமைவதில்லை. ஓர் அளவையை முன்வைத்து ஆக்கப்பட்ட எண்கள் இவை என்பது தெளிவு.

எண்களினும் கதையின் கட்டமைப்பு கூடுதலாகப் பேசுகிறது. முதற் சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது. இரண்டாம் சங்கம் இருந்த கபாடபுரத்தையும் கடல் கொண்டது. மூன்றாம் சங்கத்தின் உத்தர மதுரை மட்டும் எஞ்சியது. இருமுறை இழப்பும் மூன்றாம் முறை நிலைபேறும் என்னும் இவ்வடுக்கு, ஓல்ரிக் கூறிய இறுதிக் கனத்தின் விதிக்கு நேரான எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஆண்டுகள் படிப்படியாகக் குறைவதும், கடவுளரும் அமர்ந்த அவை புலவர் மட்டும் அமர்ந்த அவையாவதும் அவ்வடுக்கின் பகுதிகளே. வைகைக் கரையில் உள்ள மதுரைக்குத் தொன்மையையும் உரிமையையும் ஒருசேரத் தருவதற்கு ஒரே சங்கம் போதாது, இரண்டும் போதா. கதை மூன்றைக் கேட்கிறது.

உரைக்கு வெளியே உள்ள சான்றுகள் மூன்றைக் கேட்பதில்லை. மதுரைக்காஞ்சி ஆசிரியர் குழு ஒன்றைச் சுட்டுகிறது. அதற்கு வரிசை எண் இடவில்லை. 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் திருப்புத்தூர்த் தாண்டகத்தில் தருமிக்குப் பொற்கிழி அளித்த செய்தியைக் கூறுகையில் சங்கம் என்னும் சொல்லை ஆள்கிறார். அங்கும் எண் இல்லை. 10ஆம் நூற்றாண்டின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, பாண்டியர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் குலப்பெருமைகளாகக் குறிக்கிறது. களவியல் உரைக்குப் பிற்பட்ட இவ்வரச ஆவணமே சங்கங்களை எண்ணிக் காட்டவில்லை என்பது கருதத்தக்கது. தேவசேனரின் தரிசனசாரம் கூறும், வச்சிரநந்தி மதுரையில் நிறுவிய திராவிட சங்கம் 5ஆம் நூற்றாண்டினது. அது சமண முனிவர் அமைப்பு. அதனைப் புலவர் சங்கத்தோடு இணைத்துக் காணும் கருத்து நெடுநாளாக விவாதத்தில் உள்ளது. இணைப்பை ஏற்பினும் மறுப்பினும், மதுரையில் இருந்த ‘சங்க’ங்களின் உண்மைத் தொகை மூன்று என்னும் சட்டகத்திற்குள் அடங்காது.

இன்னொரு சான்று தொகை நூலுக்குள்ளேயே உள்ளது. தலைச்சங்கத்தாருள் ஒருவராகக் களவியல் உரை எண்ணும் முரஞ்சியூர் முடிநாகராயர் பெயரில், கடைச்சங்கத் தொகை நூலாகிய புறநானூற்றில் இரண்டாம் பாடல் உள்ளது. உரையின் கணக்கை ஏற்றால், பல ஆயிரம் ஆண்டு இடைவெளியை இவ்வொரு பெயர் தாண்ட வேண்டும். பெயர் ஒற்றுமை என்று சொல்லி இதனைக் கடக்கலாம். ஆனால் அவ்விளக்கம் சட்டகத்தைக் காப்பதற்காகவே தேவைப்படுகிறது என்பதை மறத்தல் கூடாது.

அதே உரை களவியல் தோன்றிய கதையைக் கூறும் இடமும் நோக்கத்தக்கது. பன்னீராண்டு வற்கடம் நீங்கியபின் பாண்டியன் புலவரைத் தேடுகிறான். எழுத்து, சொல், யாப்பு வல்லார் கிடைக்கின்றனர். பொருளதிகாரம் வல்லாரைக் காணவில்லை. இங்கே இலக்கணம் நான்காக எண்ணப்படுகிறது. தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரப் பகுப்பை நன்கறிந்த உரைகாரர், தம் காலத்து யாப்புக் கல்வியைத் தனியே எண்ணத் தயங்கவில்லை. கண்முன் உள்ள கல்வியை எண்ணும்போது நான்கு. தொன்மையைக் கட்டமைக்கும்போது மூன்று.

மூவேந்தரும் நான்காமவரும்

மூவேந்தர் என்னும் தொகுப்பின் நிலை முச்சங்கத்தினின்று வேறானது. இதற்கு வலுவான சான்றுகள் உண்டு. தொல்காப்பியம் மூவரின் பூக்களைப் புறத்திணையியலிலும், மூவரின் நிலப்பரப்பைச் செய்யுளியலிலும் குறிக்கிறது. புறநானூற்றின் 367ஆம் பாடல், சேரமான் மாரிவெண்கோ, பாண்டியன் உக்கிரப்பெருவழுதி, சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி ஆகிய மூவரும் ஒருங்கிருந்தபோது ஔவையார் பாடியது என அடிக்குறிப்பு கூறுகிறது. மூன்றாக அமைந்த ஒன்றே காரணமாக ஒரு தொகுப்பைப் புனைவு என்று தள்ளுவதும், அதே காரணத்தால் உண்மை என்று கொள்வதும் ஒரே வகைப் பிழை.

ஆயினும் இத்தொகுப்பிலும் விடுபட்டவர் உளர். கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகர் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தன் எல்லைக்கு அப்பாற்பட்ட தென்னவராகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என நால்வரைக் கூறிப் பின் தாமிரபரணியைக் கூறுகிறது. சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் தீராத வினாவாக இருந்தது. கோசர் என்றும் துளு நாட்டார் என்றும் பலவாறு உரைத்தனர். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் எனக் குறித்தது. வினாவுக்கு விடை கிடைத்தது. அசோகரின் அலுவலர் நான்காகக் கண்ட தென்னாட்டை இலக்கிய மரபு மூன்றாகக் கண்டது. அதியமான் சங்கப் பாடல்களில் மறைக்கப்படவில்லை. ஔவையார் அவனை மிகுதியாகப் பாடினார். ஆனால் ‘வேந்தர்’ என்னும் எண்ணிக்கையில் அவனுக்கு இடமில்லை. அவன் வள்ளல் எழுவருள் ஒருவனானான். மூன்றின் வட்டத்தினின்று நீங்கியவனை ஏழின் வட்டம் ஏற்றுக்கொண்டது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி, பாண்டியரின் தலைநகராக மதுரையைச் சுட்டுகையில் தெற்கே ஆய் நாட்டைத் தனியாகக் குறிக்கிறார். மதுரைச் சமவெளியின் வடகிழக்கு விளிம்பில், இன்று பிரான்மலை எனப்படும் பறம்பு நின்றது. அதன் வேளாகிய பாரியை மூவேந்தரும் ஒன்றுகூடி முற்றியதைக் கபிலர் பாடல்கள் பேசுகின்றன. அங்கே மூவர் என்னும் சொல் பெருமைக்குரிய தொகையாக அமையவில்லை. ஒருவனை எதிர்க்க மூவர் தேவைப்பட்ட சிறுமையைச் சுட்டும் சொல்லாக அமைகிறது. தொகுப்புக்கு வெளியே நிற்பவன் பக்கம் இருந்து அத்தொகுப்பைக் கண்ட அரிய இடம் இது.

மதுரைக்கு அருகில் மீனாட்சிபுரம் மலையில் உள்ள மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளோ நெடுஞ்செழியனை மட்டும் அறியும். கணிநந்தாசிரியன் என்னும் துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைப் பதிவு செய்தவர்களுக்கு மற்ற இருவரைச் சுட்டும் தேவை எழவில்லை.

முப்பால்

அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25 என 133 அதிகாரங்களைக் கொண்ட திருக்குறளில் வீட்டுக்குத் தனிப்பால் இல்லை. பரிமேலழகர் இதற்குக் காரணம் கூறுகிறார்: வீடு சிந்தையும் மொழியும் செல்லா நிலைமைத்து, ஆதலின் அதனை நேரே கூறாமல், துறவறமாகிய காரண வகையால் கூறினர் என்பது அவர் கருத்து. இங்கே வரலாறு எதிர்த்திசையில் இயங்கியுள்ளது. தொல்காப்பியக் களவியலும் இன்பம், பொருள், அறம் என மூன்றையே எண்ணுகிறது. வடமொழியிலும் திரிவர்க்கமே முந்தியது. முதலில் மூன்றே இருந்தது. நான்கு நிலைபெற்றபின், பழைய மூன்று குறையுடையதாகத் தோன்றி விளக்கம் வேண்டிற்று. ஆதலின் நான்காமதைத் தேடும் முறை, விடுபட்டதா, பின் சேர்ந்ததா என்னும் வினாவோடு இணைந்தே செல்ல வேண்டும்.

நாலடியார் இதற்கு மறுதலையான சான்று. பாண்டிய நாட்டுச் சமண முனிவர் விட்டுச்சென்ற ஏடுகள் வைகையில் எறியப்பட, அவற்றுள் 400 வெண்பாக்கள் எதிர்நீந்திக் கரை சேர்ந்தன என்பது வழிவழிக் கதை. கதையின்படி இவை ஒழுங்கற்ற தனிப்பாடல்கள். அவற்றை முப்பாலாகவும் அதிகாரங்களாகவும் வகுத்தவர் பதுமனார் என்பர். வகுப்பு எவ்வளவு செயற்கையானது என்பதை மூன்றாம் பாலின் சிறுமையே காட்டும். காமத்துப்பாலுக்குரிய பாடல்கள் மிகச் சில. பொருளுக்கும் இன்பத்துக்கும் இடையிலான எல்லை பதிப்புகளில் வேறுபடுகிறது. குறளின் வடிவம் நிலைபெற்றபின் அறநூல் என்றால் மூன்று பால் என்னும் எதிர்பார்ப்பு எழுந்து, துறவியர் பாடல்களுக்கும் ஒரு காமத்துப்பாலைத் தந்தது.

காண்டப் பகுப்பு

சிலப்பதிகாரத்தின் புகார், மதுரை, வஞ்சிக் காண்டங்கள் முறையே 10, 13, 7 காதைகள் கொண்டவை. மூன்று தலைநகரை மூன்று காண்டமாக்கிய இவ்வமைப்பு, மூவேந்தர் கருத்தின் இலக்கிய வடிவம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணம் 64 படலங்களை மதுரைக் காண்டம் 18, கூடற்காண்டம் 30, திருவாலவாய்க் காண்டம் 16 எனப் பகுக்கிறது. இங்கு ஊர் மூன்றல்ல. ஓரூரின் பெயர் மூன்று. காப்பியம் என்றால் மூன்று காண்டம், காண்டத்துக்கு ஊர்ப்பெயர் என்னும் பழைய அமைப்பு, ஒரே நகருக்குள் நின்றபோதும் கைவிடப்படவில்லை.

நான்மாடக்கூடலும் நான்காம் சங்கமும்

இத்தனை மும்மைகளுக்கும் இடமான மதுரை, தன்னை எண்ணும்போது நான்கையே எடுத்தது. நான்மாடக்கூடல் என்னும் பெயர் கலித்தொகையிலேயே உண்டு. நான்கு மேகங்கள் மாடங்களாகிக் கூடிய கதையைத் திருவிளையாடல் பின்னர் அதற்குச் சொன்னது. கோயிலைச் சூழ்ந்த ஆடி, சித்திரை, மாசி, வெளி வீதிகள் ஒவ்வொன்றும் திசைக்கு ஒன்றாக நான்கு கூறுபட்டு, இன்றும் அந்நகரில் வழி சொல்வதற்குப் பயன்படுகின்றன. நிலத்தில் நடப்பவர்க்கு நான்கு தேவைப்படுகிறது. வரலாற்றைச் சொல்பவர்க்கு மூன்று போதுமானதாக இருந்தது.

1901 செப்டம்பர் 14இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச்சங்கம் நான்காம் தமிழ்ச்சங்கம் எனப் பெயர் பெற்றது. 1902 முதல் அது வெளியிட்ட செந்தமிழ் இதழில் சுவடிப் பதிப்பும் கால ஆராய்ச்சியும் வளர்ந்தன. நான்காம் என்னும் அடைமொழி, முன்னிருந்தவை மூன்று என்பதை ஐயத்திற்கு இடமற்ற தொகையாக்கியது. உறுப்பினரும் நூலகமும் இதழும் கொண்டு ஆவணங்களால் உறுதிப்படும் ஒரு சங்கம், தன் வரிசை எண்ணைக் களவியல் உரையின் கணக்கிலிருந்தே பெற்றுக்கொண்டது. பாடநூல்களில் முச்சங்கம் வரலாறாக வழங்குவதற்கு எட்டாம் நூற்றாண்டு உரை எவ்வளவு காரணமோ, இருபதாம் நூற்றாண்டின் இப்பெயரும் அவ்வளவு காரணமா என்பது, செந்தமிழ் இதழின் தொடக்க ஆண்டுத் தொகுதிகளைக் கொண்டு தனியே ஆராயத்தக்கது.