கையடக்கத் திரைப்படக் கேமரா

கையடக்கத் திரைப்படக் கேமரா என்பது, ஒருவரே தூக்கி இயக்கத்தக்க அளவும் எடையும் கொண்டதாகவும், திரையரங்கில் காட்டத்தக்க தரத்தில் காட்சிகளைப் பதிவு செய்யக்கூடியதாகவும் வடிவமைக்கப்பட்ட எண்ணிம ஒளிப்பதிவுக் கருவி ஆகும். ஆவணப்பட இயக்குநர்கள், குறும்பட இயக்குநர்கள், பெரிய நிறுவனங்களைச் சாராமல் படமெடுப்பவர்கள் ஆகியோர் இவ்வகைக் கருவிகளைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

பெரிய படப்பிடிப்புகளில் ஒளிப்பதிவாளர், குவியத்தைச் சரிசெய்யும் உதவியாளர், ஒலிப்பதிவாளர், தரவுகளைப் படியெடுத்துப் பாதுகாப்பவர் எனப் பலர் பணிபுரிவர். தனியாகப் படமெடுப்பவர் இவ்வனைத்தையும் ஒருவராகவே செய்ய வேண்டியுள்ளது. ஆகவே, இவருக்கான கேமராவைத் தெரிவு செய்யும்போது படத்தின் தரம் மட்டுமன்றி, மேற்கூறிய பணிகளுள் எவற்றை அக்கருவி தானே ஏற்றுக்கொள்கிறது என்பதும் முதன்மையான அளவுகோலாகிறது.

வரலாறு

திரைப்படச் சுருளின் காலத்தில் 16 மி.மீ கேமராக்களே தற்சார்புப் படைப்பாளிகளின் கருவிகளாக விளங்கின. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ராபர்ட் ரொட்ரிகசின் எல் மரியாச்சி இவ்வகைக் கேமராவில் படமாக்கப்பட்டது. 1998இல் வெளிவந்த டேனியத் திரைப்படமான ஃபெஸ்டன், வீட்டு உபயோகத்திற்கான சிறிய நிகழ்படக் கருவியில் எடுக்கப்பட்டது. அதன் ஒளிப்பதிவாளரான அந்தோணி டாட் மேன்டில், 2002இல் வெளிவந்த 28 டேய்ஸ் லேட்டர் திரைப்படத்தின் பெரும்பகுதியைக் கேனான் எக்ஸ்எல்1 என்னும் நாடாக் கருவியில் பதிவு செய்தார். அதே ஆண்டில் வெளிவந்த பானாசோனிக் டிவிஎக்ஸ்100, திரைப்படத்தைப் போல நொடிக்கு 24 சட்டகங்களைப் பதிவு செய்யும் வசதியைக் குறைந்த விலைக் கருவிகளுக்குக் கொண்டுவந்தது.

2008ஆம் ஆண்டில் கேனான் 5டி மார்க் 2 வெளிவந்தது. நிழற்படக் கேமராவான இதன் பெரிய உணரி, பின்னணி மங்கிய திரைப்படத் தோற்றத்தைக் குறைந்த செலவில் தந்தது. எனினும் ஒலிப்பதிவு, ஒளியளவைக் கண்காணித்தல், நீண்ட நேரப் பதிவு ஆகியவற்றுக்கு அது வடிவமைக்கப்பட்டிருக்கவில்லை. இக்குறைகளைக் கருத்திற் கொண்ட கருவிகள் பின்னர் தோன்றின. பிளாக்மேஜிக் நிறுவனத்தின் பாக்கெட் சினிமா கேமரா 2013இல் 995 அமெரிக்க டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. அதன் 4கே வடிவம் 2018இலும், 6கே வடிவம் 2019இலும் வந்தன. ரெட் கொமோடோ 2020இலும், சோனி எஃப்எக்ஸ்3 2021இலும், சோனி எஃப்எக்ஸ்30 2022இலும் வெளியாயின. 2024ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம் ரெட் நிறுவனத்தை வாங்கியது. அதன் பின்னர் 2025இல் ரெட் நிறுவனத்தின் பதிவு முறையை உள்ளடக்கிய நிக்கான் இசட்ஆர் அறிவிக்கப்பட்டது.

உணரியின் அளவு

வில்லை வழியாக வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றும் பகுதி உணரி எனப்படும். பரவலாக உள்ள அளவுகள் மூன்று: ஏறத்தாழ 36 x 24 மி.மீ கொண்ட முழுச்சட்டகம், ஏறத்தாழ 24 மி.மீ அகலமுடைய சூப்பர் 35, 17.3 x 13 மி.மீ கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். ஒரே 50 மி.மீ வில்லை, முழுச்சட்டகத்தில் இயல்பான பார்வைக் கோணத்தையும், சூப்பர் 35 உணரியில் முழுச்சட்டகத்தின் 75 மி.மீ வில்லைக்கு நிகரான கோணத்தையும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் உணரியில் 100 மி.மீ வில்லைக்கு நிகரான கோணத்தையும் தரும்.

பெரிய உணரி பொதுவாகக் குறைந்த ஒளியில் இரைச்சல் குறைந்த படத்தைத் தரும். ஆயினும், ஒரே பார்வைக் கோணத்திலும் ஒரே துளை எண்ணிலும் அதன் குவிய ஆழம் குறைவு. அதாவது, பேசுபவர் சற்றே முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடக்கூடும். குவியத்தைக் கவனிக்கத் தனியாள் இல்லாதபோது இது பெருங்குறையாக அமையலாம். திரைப்படச் சுருளின் அளவையொட்டிய சூப்பர் 35 உணரி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகும்.

சில உணரிகளுக்கு இரண்டு அடிப்படை உணர்திறன் நிலைகள் உண்டு. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே கேமராவில் இவை ஐ.எஸ்.ஓ 400, 3200 ஆகும். எஃப்எக்ஸ்3 கேமராவில் 800, 12800 ஆகும். விளக்குகள் கொண்டுசெல்ல இயலாத இடங்களில் இரண்டாம் நிலை மிகவும் பயன்படும்.

வில்லைப் பொருத்தி

கேமராவின் உடலைப் பின்னர் மாற்றிவிடலாம். வில்லைகள் பல ஆண்டுகள் உடனிருக்கும். எனவே பொருத்தியின் வகையை முதலிலேயே கருதுதல் வேண்டும். பொருத்திக்கும் உணரிக்கும் இடையேயுள்ள தொலைவு சோனி ஈ வகையில் 18 மி.மீ, நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையில் 19.25 மி.மீ, கேனான் ஆர்எஃப் வகையில் 20 மி.மீ, கேனான் ஈஎஃப் வகையில் 44 மி.மீ, திரைப்பட வில்லைகளுக்கான பிஎல் வகையில் 52 மி.மீ ஆகும்.

குறைந்த தொலைவு கொண்ட கேமராவில் இடைவளையம் ஒன்றைச் செருகி, அதிகத் தொலைவுக்கென வடிவமைக்கப்பட்ட வில்லையைப் பொருத்த இயலும். மறுதலையாகச் செய்தால், கூடுதல் கண்ணாடி இல்லாமல் தொலைவிலுள்ள பொருள்கள் குவியத்திற்கு வாரா. பழைய நிழற்பட வில்லைகளை வைத்திருப்போருக்குக் குறைந்த தொலைவுடைய பொருத்தி ஏற்றதாவது இதனாலேயே.

ஒளியைக் கட்டுப்படுத்தல்

அசைவு இயல்பாகத் தோன்ற, ஒவ்வொரு சட்டகத்திற்கும் ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் ஒளி விழவேண்டும் என்பது மரபு. நொடிக்கு 24 சட்டகங்கள் எனில் இது 1/48 நொடி, அதாவது 180 பாகை ஷட்டர் கோணம் ஆகும். இந்தியா, இலங்கை போன்று மின்சாரம் 50 ஏர்ட்சு அலைவெண்ணில் வழங்கப்படும் நாடுகளில், குழல் விளக்குகளின் கீழ் படம் துடிப்பதைத் தவிர்க்க 1/50 நொடி, அதாவது 172.8 பாகை பயன்படுத்தப்படுகிறது.

இவ்வாறு ஷட்டர் நேரம் நிலையாகிவிடுவதால் பகல் வெளியில் ஒளி மிகுந்துவிடும். ஐ.எஸ்.ஓ 800இல் முழு வெயிலில் எஃப்/16 துளைக்கு ஏறத்தாழ 1/800 நொடி போதுமானது. 1/50 நொடியில் 16 மடங்கு ஒளி விழும். துளையை எஃப்/4 ஆகத் திறந்தால் அது மேலும் 16 மடங்காகும். ஆக மொத்தம் 256 மடங்கு, அதாவது 8 படிகள் ஒளியைக் குறைத்தாக வேண்டும். இதற்கு நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்.டி. வடிகட்டி தேவை.

கேனான் சி70, பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே புரோ ஆகியவற்றில் இவ்வடிகட்டிகள் உள்ளேயே அமைந்துள்ளன. எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30, பாக்கெட் 4கே ஆகியவற்றில் இல்லை. இவற்றுக்கு வில்லையின் முன்னால் வடிகட்டியைத் திருகவேண்டும். வீட்டினுள்ளிருந்து தெருவுக்கு ஒருவரைத் தொடர்ந்து செல்லும் ஆவணப்படக்காரருக்கு, வடிகட்டியைத் திருகும் அந்த அரை நிமிடத்தில் காட்சி கைநழுவிவிடக்கூடும்.

குவியமும் நிலைப்படுத்தலும்

எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30, சி70 ஆகியவை முகத்தை அடையாளம் கண்டு தொடர்ந்து குவியத்தைச் சரிசெய்கின்றன. பாக்கெட் 4கே கேமராவில் பொத்தானை அழுத்தும்போது ஒருமுறை மட்டுமே குவியம் சரிசெய்யப்படும். பின்னர் கையாலேயே தொடரவேண்டும். ஒத்திகை பார்த்து எடுக்கப்படும் புனைகதைக் காட்சிகளுக்கு இது தடையன்று. எதிர்பாராமல் நகரும் மனிதர்களைப் படமெடுக்கும்போது பெருந்தடையாகும்.

எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 ஆகியவற்றில் உணரியே அசைந்து கைநடுக்கத்தை ஈடுசெய்கிறது. பாக்கெட் 4கே கேமராவில் இவ்வசதி இல்லை. மேலும், பெரும்பாலான உணரிகள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. இதனால் வேகமாகக் கேமராவைத் திருப்பும்போது செங்குத்தான தூண்கள் சாய்ந்து தோன்றும். கொமோடோ முழு உணரியையும் ஒரே கணத்தில் பதிவு செய்வதால் இக்குறை அதில் இல்லை.

பதிவு வடிவமும் சேமிப்பும்

8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 நிலைகளும், 10 பிட் பதிவில் 1024 நிலைகளும் உண்டு. பின்னர் நிறத் திருத்தம் செய்யும்போது வானம் போன்ற பரப்புகளில் பட்டைகள் தோன்றாதிருக்க 10 பிட் பதிவு உதவும். தற்காலக் கருவிகளுள் பெரும்பாலானவை இதனைத் தருகின்றன.

சேமிப்பிடம் கவனிக்கப்படாமல் விடப்படும் செலவாகும். நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட 4கே பதிவு, புரோரெசு 422 எச்கியூ வடிவில் ஒரு மணிக்கு ஏறத்தாழ 318 கிகாபைட்டு இடம் கொள்ளும். நொடிக்கு 100 மெகாபிட் அளவிலான செறிந்த வடிவில் 45 கிகாபைட்டு போதும். 30 மணிநேரக் காட்சிகளை எடுத்து இரண்டு படிகள் வைத்திருப்பதாயின், முன்னதற்கு ஏறத்தாழ 19 டெராபைட்டும், பின்னதற்கு 2.7 டெராபைட்டும் தேவைப்படும். பணம் போதாமல் ஒரே படியை மட்டும் வைத்திருப்பவர், வன்தட்டு பழுதானால் முழுப் படத்தையும் இழப்பார். முதியவர் ஒருவரின் நேர்காணலை மறுபடியும் எடுக்கும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை. எஃப்எக்ஸ்3 போன்ற இரட்டைச் செருகிடக் கேமராக்களில் ஒரே காட்சியை இரண்டு அட்டைகளில் ஒருங்கே பதியலாம் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஒலி

படம் சற்று மங்கலாயினும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். பேச்சு கேளாவிடில் பொறுப்பதில்லை. தொழில்முறை ஒலிவாங்கிகளுக்கான எக்ஸ்எல்ஆர் இணைப்பு எஃப்எக்ஸ்3 கேமராவின் மேற்கைப்பிடியில் இரண்டு உண்டு. பாக்கெட் 4கே கேமராவில் அதன் சிறிய வடிவம் ஒன்றும், சி70 கேமராவில் இரண்டும் உள்ளன. நிக்கான் இசட்ஆர் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் ஒலியைப் பதிகிறது. இம்முறையில், உரத்த குரல் பதிவின் எல்லையைக் கடந்து சிதைவது பெரிதும் தவிர்க்கப்படுவதால், ஒலியளவைக் கண்காணிக்க ஆளில்லாதவருக்கு இது ஏற்றது.

மின்சாரமும் வெப்பமும்

பாக்கெட் 4கே தனது சிறிய மின்கலத்தில் ஏறத்தாழ ஒரு மணிநேரமே இயங்கும். ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பல மின்கலங்களோ, வெளியே பொருத்தும் பெரிய மின்கலமோ வேண்டும். காற்றாடி இல்லாத கேமராக்கள் வெப்பத்தால் நின்றுவிடலாம். கேனான் ஆர்5 நிழற்படக் கேமரா 2020இல் வெளிவந்தபோது, 23 பாகை செல்சியசு வெப்பநிலையில் அதன் 8கே பதிவுக்கு ஏறத்தாழ 20 நிமிடமே எல்லையாக அந்நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கோடையில் 40 பாகையைத் தொடும் ஊர்களில் காற்றாடியுள்ள எஃப்எக்ஸ்3 போன்ற கருவிகள் நம்பகமானவை.

தெரிவு செய்யும் முறை

தனியாக ஆவணப்படம் எடுப்பவருக்குத் தொடர் குவியம், நிலைப்படுத்தல், எக்ஸ்எல்ஆர் இணைப்பு, குறைந்த தரவளவு ஆகியவை முதன்மையானவை. எஃப்எக்ஸ்3, எஃப்எக்ஸ்30 ஆகியவை இதற்குப் பொருந்தும். வெயிலுக்கும் நிழலுக்கும் அடிக்கடி மாறுவோருக்கு உள்வடிகட்டி கொண்ட சி70 பொருந்தும். முக்காலியில் வைத்து, திட்டமிட்டுக் குறும்படம் எடுக்கும் சிறு குழுவினருக்குப் பாக்கெட் வகைகள் குறைந்த விலையில் உயர்ந்த நிறத் தரத்தைத் தருகின்றன. இவற்றுடன் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ படத்தொகுப்பு மென்பொருளின் உரிமமும் வழங்கப்படுகிறது. பாக்கெட் 4கே காட்சிகளை யூ.எஸ்.பி வழியாக வெளித் திண்மநிலை வட்டிலேயே நேரடியாகப் பதியவும் வல்லது.

கையிலுள்ள பணம் முழுவதையும் கேமராவின் உடலுக்கே செலவிடுவது பரவலாகக் காணப்படும் தவறாகும். வில்லை, ஒலிவாங்கி, முக்காலி, மின்கலங்கள், வடிகட்டி, இரண்டு படிகளுக்கான வன்தட்டுகள் ஆகியவற்றின் விலையை முதலில் கழித்து, எஞ்சிய தொகைக்குள் கேமராவைத் தேடுவது பாதுகாப்பான முறை. ஆண்டுக்குச் சில நாட்களே படமெடுப்பவருக்கு வாடகை சிக்கனமாக அமையலாம். வாங்க விரும்புபவரும் முதலில் ஓரிரு நாட்கள் வாடகைக்கு எடுத்து, தமது படப்பிடிப்புச் சூழலில் தனியாக இயக்கிப் பார்த்தல் நன்று.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த தி கிரியேட்டர் என்னும் ஆலிவுட் திரைப்படம் எஃப்எக்ஸ்3 கேமராவில் எடுக்கப்பட்டது. இத்தகைய கருவிகளின் படத்தரம் பெரிய திரைக்குப் போதுமானது என்பதற்கு இது சான்றாகும். அதே வேளையில், அப்படத்தின் பின்னால் தேர்ந்த ஒளிப்பதிவாளர்களும், உயர்ந்த வில்லைகளும், பெரும் பொருட்செலவும் இருந்தன. தனியாகப் படமெடுப்பவருக்கு அவை இரா. ஆகையால் அவர் அப்படத்தின் கேமராவைப் பின்பற்றுவதைவிட, தம் இரு கைகளால் எவற்றையெல்லாம் செய்ய இயலாதோ அவற்றைச் செய்து தரும் கேமராவைத் தேடுவதே பொருத்தமாகும்.