அன்னதானப் பந்தியருகே ஒரு பரிசோதனை மேசை



தலவரலாறும் திருமுறை விளக்கமும் இடம்பெறும் மலரில் இனிப்பு நீரைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று நிர்வாகக் கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். பொருந்தும் என்பதே என் எண்ணம். உடம்பைப் பேணுவது உயிரைப் பேணுவதே என்று நமக்குக் கற்பித்தவர் திருமூலர்.

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூறு பேரில் 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் தனியே கணக்கெடுத்தால் 31.4 பேர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் அளவு 15.6 ஆக இறங்கியது. ஆனால் இனவாரிப் பட்டியலில் முதலிடம் அப்போதும் நமக்குத்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதிப்பெண் பட்டியல் எழுதியவன் நான். இப்படி ஒரு முதலிடத்தை நான் விரும்பியதில்லை.

இதற்கு நம் உடல்வாகும் ஒரு காரணம். மெலிந்து தெரியும் நம்மவருக்கும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு எளிதில் சேர்கிறது. அதனால்தான் ஆசியர்களில் ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்கிறார்கள். "எனக்குத் தொப்பை இல்லை" என்பவர் ஒருமுறை நாடாவை எடுத்து அளந்து பார்க்கட்டும்.

உடல்வாகு மட்டும் காரணமன்று. தோட்டப்புறத்தில் விடியற்காலையிலிருந்து மரம் சீவியும் பால் தூக்கியும் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று நகரத்தில் பாதுகாவலர்களாக, லாரி ஓட்டுநர்களாக, தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களாக இருக்கிறார்கள். வியர்வை நின்றுவிட்டது, சோற்றின் அளவு நிற்கவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே காத்திருக்கும் அரைநாளுக்குச் சம்பளம் வெட்டப்படுமானால், அந்த ஒரு வெள்ளி மருத்துவம் நாட்கூலிக்காரருக்கு மலிவானதாக இல்லை. சம வாய்ப்பு என்பது கதவைத் திறந்து வைப்பதோடு முடிந்துவிடாது. அந்தக் கதவுவரை வந்துசேர முடியாதவர் யார் என்றும் கேட்க வேண்டும்.

வராமலே இருந்துவிட்டால் என்ன நேரும் என்பதை டயாலிசிஸ் நிலையங்களில் காணலாம். நம் நாட்டில் புதிதாக அங்கே வருவோரில் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதன்பிறகு வேலைக்குப் போவது யார், குடும்பத்தைப் பார்ப்பது யார்?

அறப்பணியாளர் இதில் கைகொடுப்பது பினாங்குக்குப் புதிதன்று. பத்து லாஞ்சாங் பக்கமுள்ள லாம் வா ஈ மருத்துவமனை, ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்க 1883ஆம் ஆண்டில் சீனப் பெருமக்கள் தொடங்கிய மருந்தகத்திலிருந்து வளர்ந்தது. பௌத்த அமைப்பான ட்ஸூ சீ, 1997 முதல் இங்கே இன, மத வேறுபாடின்றி இலவச டயாலிசிஸ் செய்து வருகிறது. நம்மவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்லும்போதே, நம் உண்டியலையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கோயில் என்ன செய்ய முடியும்? இங்கே ஓர் அயல்நாட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் கறுப்பின ஆண்களிடையே இரத்தக் கொதிப்பு அதிகம். மருத்துவமனைப் பக்கம் அவர்கள் அதிகம் போவதில்லை. முடிதிருத்தும் கடைக்கோ தவறாமல் போவார்கள். மருத்துவர் ரோனால்ட் விக்டர் குழுவினர் 52 கடைகளில் 319 பேரைச் சேர்த்தனர். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர், "டாக்டரைப் போய்ப் பாருங்கள்" என்று அறிவுரை கூறினார். மற்றக் கடைகளுக்கு மருந்தாளுநரே நேரில் வந்து, கொதிப்பை அளந்து, மருத்துவரின் உடன்பாட்டோடு மருந்து கொடுத்தார். 2018இல் வெளிவந்த முடிவு இது: ஆறு மாதத்தில், அறிவுரை கேட்டவர்களுக்கு மேல் அளவு சுமார் 9 புள்ளி இறங்கியது; மருந்தாளுநர் வந்த கடைகளில் 27 புள்ளி.

ஆலயங்களில் நடக்கும் ஒருநாள் மருத்துவ முகாம்களைப் பற்றி என் கவலையும் இதுதான். விரலில் ஊசி குத்துகிறோம், எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டு சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடுகிறது. அளவு மிகுந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவரது சம்மதத்தோடு குறித்து, கிளினிக்கில் நாள் வாங்கிக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து "போனீர்களா, ஐயா?" என்று கேட்க ஒருவர் வேண்டும். நம் மகளிர் அணியினர் இதை ஆண்களைவிடத் திறமையாகச் செய்வார்கள். தனியாகப் போகத் தயங்கும் முதியவருக்கு ஒரு வேன் வேண்டும். உபயதாரர்கள் ஒரு நாள் அலங்காரச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பிரசாதத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சர்க்கரைப் பொங்கலை நிறுத்தச் சொல்லவில்லை. கையளவு போதும், சுண்டல் நிறையக் கொடுக்கலாம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்களில் சிவப்புச் சிராப்பைவிட உப்பிட்ட மோரும் வெறும் தண்ணீரும் தாகத்தை நன்றாகத் தீர்க்கும்.

பரிசோதனைக்கு வருவோர் முதல்நாள் இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் உட்கொள்ளாமல் வரவும். ஏற்கெனவே இனிப்பு நீர் மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். வெறும் வயிற்றில் அளவு 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் கிளினிக்கில் மறுபரிசோதனை அவசியம். அரசின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு, 2019இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தின்கீழ் பதிவுபெற்ற தனியார் கிளினிக்குகளிலும் இலவசப் பரிசோதனை உண்டு. அடையாள அட்டையையும், உட்கொள்ளும் மருந்துகளையும் மறவாமல் கொண்டு வரவும்.